செட்டிநாட்டு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு வீடியோக்காரனின் திறந்த மடல்

மரியாதைக்குரிய ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய கல்யாணத்தை எடுத்தவன் நான். தோளில் வி.எச்.எஸ். கேசட்டுப் போடுகிற ஒரு பெரிய கேமரா, லைட் பிடிக்க ஒரு பையன், முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை இழுத்த வயர் என்று உங்கள் வளவு முற்றங்களில் அலைந்தவன். "லைட்டை அணைப்பா, கண்ணு கூசுது" என்று உங்கள் அப்பத்தா அதட்டியது என்னைத்தான். அந்தப் பழக்கத்தில் இப்போது ஒன்று கேட்கிறேன். வீட்டை ஒழிக்கும்போது பழைய வீடியோ கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலும் "இது ஓடாது", "பாதிதான் இருக்கு", "கோடு கோடா விழுது" என்று நீங்களே ஒதுக்கி வைத்தவற்றைக் கட்டாயம் போடாதீர்கள்.

நல்ல கேசட்டு கேட்டால் நியாயம், கெட்டுப்போனதைக் கேட்கிறானே என்று தோன்றும். சொல்கிறேன்.

1960களில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதை வீட்டு வீடியோ கேசட்டுகளிலிருந்து மீட்டெடுக்க நானும் என் கூட வேலை செய்கிற பையனும் முயன்றுகொண்டிருக்கிறோம். பேரை இங்கே எழுதப்போவதில்லை. போன வருஷம் டீக்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறு வாரமே பழைய சாமான் கடைகளில் ஒன்றுமே எழுதாத கேசட்டுக்குக்கூட விலை ஏறிப்போனது. உங்களிடம் கேசட்டு இருந்தால் பேரைக் காதோடு சொல்கிறேன். படத்தில் பாதி நம் பக்கத்து வீடு ஒன்றில் எடுத்தது. வளவுத் தூண்களும், பட்டாசாலைக் கூடத்தில் போட்ட பாயும், நிலைப்படிக்கு மேல் இருக்கிற கஜலட்சுமியும் அப்படியே தெரியும். அந்த வீடு இப்போது இல்லை. தூண் எந்த ஊர் ஓட்டலில் நிற்கிறதோ.

நெகட்டிவ் இருந்த லேப் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. தயாரித்தவர் குடும்பத்தில் விசாரித்தோம். அவர்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு போஸ்டர். தியேட்டர்களுக்குப் போன பிரிண்டுகள் என்ன ஆயின என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படங்களைக் கழுவி வெள்ளி எடுத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. மிச்சம் இருப்பது டி.வி.யில் போனதுதான். சென்னைத் தூர்தர்ஷனில் ஒரு தடவை, மலேசிய டி.வி.யில் ஒரு தடவை, அப்புறம் 90களில் தனியார் சானல் ஒன்றில் ஒரு தடவை. அந்த நேரத்தில் எந்த வீட்டில் யார் வீடியோ டெக்கில் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்களோ, அவர்களிடம்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது.

முதல் கேசட்டு, தூர்தர்ஷனிலிருந்து பதிந்தது, பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் கிடைத்தது. சாமான் கணக்குச் சிட்டை எழுதுகிற கையால் அவர் லேபிள் எழுதியிருந்தார்: "ஞாயிறு படம். நடுவுலெ கரண்டு போச்சு. கடைசி இல்லை. அழிக்காதே." ஒரு கரண்டியைக்கூடப் பேர் வெட்டாமல் விடாத வம்சம் அல்லவா? இந்த லேபிளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. அவர் எழுதியது ஒவ்வொன்றும் சரி. மூன்று மணி நேரக் கேசட்டில் விளம்பரமெல்லாம் சேர்த்துப் பதிந்ததால் கடைசி 11 நிமிஷம் ஏறவில்லை. நடுவில் ஓர் இடத்தில் படம் பனி கொட்டுவதுபோல் ஆகி, ஆடி அசைந்து, மெல்லத் தெளியும். மொட்டைமாடியில் யாரோ ஆன்டெனாவைத் திருப்புகிறார்கள். அது யார் என்று ஆச்சியிடம் கேட்டேன். "எங்க தம்பிதான், வேற யாரு ஏறுவா" என்றார்.

இரண்டாவது பினாங்கிலிருந்து வந்தது. தண்ணீர்மலை கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற உறவுக்காரர் ஒருவர் கொடுத்தனுப்பினார். அதில் அடியில் மலாய் எழுத்து ஓடும். கேசட்டை மிச்சம் பிடிக்க எல்.பி. என்கிற பாதி வேகத்தில் பதிந்திருந்ததால் படம் மங்கல். டேப்பின் ஓரம் வேறு கசங்கியிருந்தது. ஒலி ஓடுவது அந்த ஓரத்தில்தான் என்பதால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வசனம் முழுகி எழும். மூன்றாவது தனியார் சானல். தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. ஆனால் மூலையில் சானலின் சின்னம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பாட்டைக் காணோம். விளம்பரத்துக்கு வெட்டிய இடத்தில் வசனம் பாதியில் நிற்கிறது.

ஆக மூன்று கேசட்டு, மூன்றிலும் குறை. இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. குறை மூன்றிலும் இருந்தாலும் ஒரே இடத்தில் இல்லை.

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த கதை உங்களுக்குத் தெரியும். ஒரு சுவடியில் செல்லரித்த எழுத்து இன்னொரு சுவடியில் இருக்கும். ஒருவர் தப்பாக எழுதியதை இன்னொருவர் சரியாக எழுதியிருப்பார். ஊர் ஊராகப் போய்ச் சுவடி சேர்த்து, பாடபேதம் பார்த்துத்தான் அவர் பதிப்பித்தார். நாங்கள் செய்வதும் பாடபேதம் பார்க்கிற வேலைதான். ஓலைக்குப் பதில் டேப்.

இரண்டு பங்காளிகள் ஆளுக்கொன்று சொன்னால் யார் சொல்வது சரி என்று தீர்க்க முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாமவர் வேண்டும். ஒரு ஃபிரேமில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேசட்டில் அது பளீரென்று வெள்ளைக் கீற்றாக இருக்கிறது, மற்ற இரண்டிலும் சாம்பல் நிறம். அப்படியானால் வெள்ளைக் கீற்று டேப்பின் மருந்து உதிர்ந்த இடம். நடுவில் இருக்கிற மதிப்பை வைத்துக்கொண்டு வெள்ளையைத் தள்ளிவிடலாம். கம்ப்யூட்டர் இதை ஒவ்வொரு புள்ளிக்கும், விநாடிக்கு 25 ஃபிரேமுக்கும் செய்கிறது. சானல் சின்னம் மூடிய மூலைக்குத் தூர்தர்ஷன் கேசட்டு சாட்சி. மலாய் எழுத்து மூடிய அடிப்பாகத்துக்கு மற்ற இரண்டும் சாட்சி. பனி கொட்டும் இரைச்சலுக்கு வேறு கணக்கு. தனித்தனியாகப் பதிந்த நாலு பதிவைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகக் குறையும். அதையும் பாதியாக்க 16 பதிவு வேண்டும். அதனால்தான் மூன்றாவது, நாலாவது கேசட்டுக்கு நான் இப்படி அலைகிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரே கேசட்டிலிருந்து நாலு வீட்டுக்குக் காப்பி போட்டிருந்தால் அது நாலு சாட்சி ஆகாது. அண்ணன் சொன்னதைத் தம்பி திருப்பிச் சொல்வது மாதிரி, அதே தப்பு நாலிலும் இருக்கும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது, உட்கார்ந்தால் முதுகு ஒடிகிறது. முதல் சிக்கல், மூன்று ஒளிபரப்பும் மூன்று பிரிண்டிலிருந்து போனவை. தியேட்டரில் ஃபிலிம் அறுந்தால் ஆபரேட்டர் நாலு ஃபிரேமை வெட்டி ஒட்டிவிடுவார். அந்த வெட்டு ஒவ்வொரு பிரிண்டிலும் ஒவ்வோர் இடத்தில். ரீல் முடியும் இடங்கள்தான் ரொம்பத் தேய்ந்திருக்கும். ஆபரேட்டருக்கு ரீல் மாற்றச் சொல்லி வலது மேல் மூலையில் வட்டம் மின்னுமே, அதற்கு முன்னும் பின்னும் எது எதில் இருக்கிறது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறோம். அதுவும் ஒரு சிட்டைதான். போதாக்குறைக்கு ஒரு பிரிண்டில் படம் அரைச் சுண்டுவிரல் இடப்பக்கம் தள்ளி இருக்கும், இன்னொன்றில் மேல் ஓரம் கொஞ்சம் இழுத்திருக்கும். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வைத்த பிறகுதான் மேலே சொன்ன பஞ்சாயத்தே நடக்கும். பொருந்தாமல் சராசரி எடுத்தால் கதாநாயகிக்கு ஆறு கண் வரும். எங்களுக்கு ஒரு தடவை வந்தது.

இன்னொன்று வேகம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். நம் டி.வி. முறைக்குப் பால் என்று பேர், குடிக்கிற பால் இல்லை, அது விநாடிக்கு 25. சினிமாவை டி.வி.க்கு மாற்றும்போது அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். 160 நிமிஷப் படம் 153 நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது, ஆனால் பாட்டைக் கேட்டால் தெரியும். ஆர்மோனியத்தில் அடுத்த கட்டையை எட்டப்போகிற அளவுக்குச் சுருதி ஏறியிருக்கும். வேகத்தைத் திருப்பி 24க்கு இறக்கிய அன்று அந்தப் பாட்டைப் பாடிய அம்மாவின் குரல் கனத்து, நின்று வந்தது. என் கூட வேலை செய்கிற பையன் பிறந்ததே 2000க்கு அப்புறம். அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இவங்களா இது" என்றான்.

பாட்டு வரிசைக்குப் பாட்டுப் புத்தகம் கைகொடுத்தது. கதைச் சுருக்கம் போட்டு, சிக்கல் முற்றுகிற இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்துவார்களே, அந்தப் புத்தகம்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இந்த மாதிரிப் புத்தகங்களையும், நாடக நோட்டீஸ்களையும், கல்யாண அழைப்பிதழ்களையும்கூட எறியாமல் சேர்த்தவர். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அன்றைக்கு எத்தனை பேர் அவரைப் பார்த்து "குப்பையைச் சேர்க்கிறார்" என்று சொல்லியிருப்பார்கள்? நானே சொல்லியிருப்பேன். சினிமாவும் நமக்கு அந்நியம் இல்லை. 'நாம் இருவர்' 1947இல் வந்தபோது ஏவி.எம். ஸ்டூடியோ இருந்தது நம் தேவகோட்டை ரஸ்தாவில்தானே.

சரி, நாலாவது கேசட்டுக்கு வருகிறேன். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேவகோட்டையில் ஒரு வீட்டிலிருந்து 12 கேசட்டு வந்தது. பதினொன்று கல்யாணமும் சஷ்டியப்த பூர்த்தியும். பன்னிரண்டாவதன் மேல் என் கையெழுத்தில் "கல்யாணம் 1991, பாகம் 3" என்று இருந்தது. கேசட்டைத் திருப்பினேன். முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தாவல் உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் எதையும் பதிய முடியாது. அந்த வீட்டில் யாரோ ஒழுங்காக அதை உடைத்திருந்தார்கள். உடைத்த ஓட்டையின் மேல் மஞ்சள் பூத்த செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான். அன்றைக்குப் பாதிக் கல்யாணத்தில் எனக்குக் கேசட்டு தீர்ந்துபோனது. "வீட்டுலெ பழசு ஏதாவது இருக்கா" என்று கேட்டேன். ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். தாவல் உடைந்திருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் டேப்பை ஒட்டி, ரெக்கார்டு போட்டேன். தொழிலில் எல்லோரும் செய்ததுதான். இருந்தாலும் செய்தது நான்.

ஓட்டிப் பார்த்தோம். பட்டாசாலையில் சாமான் பரப்பியிருக்கிறது. எவர்சில்வர் அடுக்கின் மேல் என் கேமரா மெதுவாகப் போகிறது. ஓர் ஆச்சி கையால் மறைத்துக்கொண்டு நகர்கிறார். திரை ஒரு நொடி கிழிந்தது. அப்புறம் கறுப்பு வெள்ளையில் கதாநாயகி, கண்ணீரும் கம்பலையுமாக. அதே தூர்தர்ஷன் ஒளிபரப்பு. பள்ளத்தூர் ஆச்சி விளம்பரத்திலிருந்தே பதிந்தார். இந்த வீட்டில் தாமதமாகப் போட்டிருக்கிறார்கள், அதனால் கேசட்டு கடைசி வரை வந்திருக்கிறது. படத்தில் ஒன்றரை மணி நேரத்தின் மேல் நான் கல்யாணத்தை ஏற்றிவிட்டேன். ஆனால் என் கல்யாணம் முடிந்த இடத்துக்குப் பிறகு 'வணக்கம்' கார்டு வரை முழுசாக இருந்தது. பள்ளத்தூர்க் கேசட்டில் இல்லாத அந்தக் கடைசி 11 நிமிஷம்.

"கல்யாணம்" என்று எழுதிய கேசட்டையும் நான் ஏன் கேட்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. லண்டன் பிபிசியில் 'டாக்டர் ஹூ' என்று ஒரு பழைய தொடர். 1970களின் தொடக்கத்தில் கலரில் போன சில கதைகளின் கலர் டேப்பை அவர்களே அழித்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதி மட்டும் மிஞ்சியது. அமெரிக்காவில் ரசிகர்கள் வீட்டு டெக்கில் பதிந்து வைத்த கலர்ப் பதிவு கிடைத்தது. அது மங்கல்தான். 1990களில் அதிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்து ஃபிலிமின் தெளிவு மேல் ஏற்றினார்கள். வீட்டு டெக் செய்த வேலை அது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வி.எச்.எஸ்.ஸில் குறுக்குவாட்டில் 240 கோடு அளவுக்குத்தான் விவரம் நிற்கும். நாற்பது கேசட்டு சேர்த்தாலும் அது 35 எம்.எம். ஆகாது. மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு' படத்துக்கு மூல நெகட்டிவ் இல்லாமலே, புனே ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரிண்டிலிருந்து எடுத்த நெகட்டிவை வைத்துப் புதுப்பித்தார்கள். 2022இல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். நாளைக்கே எங்கள் படத்துக்கும் ஒரு பிரிண்ட் கிடைத்தால் எங்கள் வேலையை ஓரமாக வைத்துவிட்டு முதல் ஆளாகக் கை தட்டுவேன். அதுவரை இதுதான். செயற்கை நுண்ணறிவில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கலாமே என்கிறார்கள். ஆக்கிப் பார்த்தோம். இல்லாத புருவத்தை அது வரைகிறது. தூணில் இல்லாத பூ வேலைப்பாடு வருகிறது. அந்த வீடே இன்று இல்லை. அதன் தூணையும் கற்பனையில் செதுக்குவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் பயங்களும் எனக்குத் தெரியும். ஒரு அண்ணன் "போலீசு வருமா தம்பி" என்று கேட்டார். அந்தக் காலத்துத் திருட்டு வீடியோ சோதனைகள் அவர் மனசை விட்டுப் போகவில்லை. வீட்டில் பார்க்க டி.வி.யிலிருந்து பதிந்ததற்காக யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்குள் அடங்கிய படமானால் உரிமைக்காரர் குடும்பத்தைக் கேட்காமல் எதையும் வெளியிட மாட்டோம். அடுத்த பயம் ஆச்சிமாருடையது: "நகையெல்லாம் பரப்பியிருக்கே, ஊர் பூராப் பார்க்குமே." நியாயமான பயம். உங்கள் வீட்டு விசேஷம் எங்கள் கம்ப்யூட்டரில் தங்காது. அதைத் தனியாகப் பதிந்து, கேசட்டோடு உங்கள் கையிலேயே தந்துவிடுவோம். காசு வாங்குவதில்லை.

கேசட்டைக் கண்டெடுத்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஓட்டிவிடுகிறார்கள். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் விளிம்பில் விபூதி தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கிற ஹெட்டும் போகும், டேப்பும் கிழியும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். டெக்கும் இனிமேல் புதுசு கிடையாது. ஜப்பானில் கடைசிக் கம்பெனி 2016இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எங்களிடம் இருக்கிற மூன்று டெக்கும் ஒன்றுக்கு ஒன்று உதிரி பாகம் தந்து உயிரோடு இருக்கின்றன. மலிவு விலைக் கருவியில் மாற்றி பென் டிரைவில் வைத்துக்கொண்டு கேசட்டை எடைக்குப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். நாங்கள் டெக்கின் ஹெட்டிலிருந்து வருகிற சிக்னலையே நேராகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, மென்பொருளில் படமாக்குகிறோம். டெக்கே தொலைத்துவிடுகிற விவரம் அதில் கிடைக்கிறது. அதற்கு டேப் வேண்டும், பென் டிரைவ் போதாது.

எங்கே தேடுவது? டி.வி. பெட்டிக்குக் கீழே இருந்ததெல்லாம் எப்போதோ போயிருக்கும். பூட்டிய உள்வீட்டு அலமாரியில், மேல்மாடியில் பழைய டெக்கின் அட்டைப்பெட்டிக்குள், வெளிநாடு போனவர்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் பாருங்கள். ஒருவர் சாவி சிங்கப்பூரில், ஒருவர் சாவி சென்னையில் என்பது எனக்குத் தெரியும். அடுத்த படைப்பில், முன்னோருக்குப் படையல் போட எல்லாப் பங்காளிகளும் கூடும்போது பூட்டெல்லாம் திறக்கும் அல்லவா, அன்றைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வீட்டை ஓட்டலுக்கு விடுகிறவர்கள், கதவையும் தூணையும் எண்ணி எழுதுகிற சிட்டையில் கேசட்டுக்கும் ஒரு வரி போடுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பையில் இரண்டு கேசட்டுக்கு இடம் விடுங்கள்.

இப்போதைக்கு எங்களுக்குக் குறைவது 40 விநாடி. இரண்டாவது பாட்டில், சரணம் முடிந்து கதாநாயகி முகப்பிலிருந்து வளவுக்குள் நடந்து வருகிற இடம். பள்ளத்தூர் ஆச்சி கேசட்டில் அப்போதுதான் கரண்டு போனது. தனியார் சானல் அந்தப் பாட்டையே வெட்டிவிட்டது. தேவகோட்டைக் கேசட்டில் அந்த இடத்தின் மேல் நான் எடுத்த மாலை மாற்றல் இருக்கிறது. பினாங்கு கேசட்டில் மட்டும் ஒரு நிழல்போல, ஒலி முழுகி, கால்கள் மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஒரே சாட்சி. இன்னும் இரண்டு வேண்டும். எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆள் அனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தாவல் உடைந்திருந்தால் உடைந்தபடியே இருக்கட்டும். செல்லோடேப் கொண்டுவர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கல்யாண வீடியோக்காரன்,
காரைக்குடி.